ஸ்கார்பியோவுக்குப் பழைய எஞ்சின் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஸ்கார்பியோவின் எஞ்சின் முற்றிலும் பழுதாகிவிட்டால் உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: புதிய எஞ்சின் வாங்குவது, இருக்கும் எஞ்சினைப் பிரித்து முழு எஞ்சின் வேலை பார்ப்பது, அல்லது விபத்தில் சேதமாகி உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்த பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்துவது. பல ஆண்டுகள் ஓடிய வண்டிக்குப் புதிய எஞ்சின் வாங்கினால் அந்தச் செலவு வண்டியின் சந்தை மதிப்பையே நெருங்கிவிடக்கூடும் என்பதால், மூன்றாவது வழியைப் பலர் நாடுகிறார்கள். அந்த வழியை முதலிலிருந்து முடிவு வரை இங்கே விளக்குகிறேன். 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சின் கொண்ட ஸ்கார்பியோவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற டீசல் எஸ்.யூ.வி.க்களுக்கும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

எஞ்சினைத் தூக்கி இறக்குவது கடினமான வேலை என்று தோன்றும். ஆனால் மாற்றிய எஞ்சின் பல ஆண்டுகள் ஓடுமா, சில மாதங்களில் நின்றுவிடுமா என்பது அதற்கு முன்பே, வண்டியில் இருந்த எஞ்சின் எதனால் போனது என்று கண்டுபிடிப்பதிலும் புதிதாக வருவது எந்த நிலையில் வருகிறது என்று சோதிப்பதிலும் முடிவாகிவிடுகிறது. காரணம் தெரியாமல் அடுத்த எஞ்சினை ஏற்றினால், அடைத்த ரேடியேட்டரோ, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தங்கிய உலோகத் துகளோ அந்த எஞ்சினையும் கெடுத்துவிடும்.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா?

ஸ்டார்ட்டர் போட்டும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் உடனே சீஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே இறுகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் சோதியுங்கள். அடுத்து வெளிப்புற பெல்டைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட கைப்பிடியுடன் சாக்கெட் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்டைக் கழற்றியதும் சுற்றினால், இறுகிப்போனது ஆல்டர்னேட்டராகவோ ஏ.சி. கம்ப்ரஸராகவோ இருக்கலாம். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டனை மேலெழ விடாமல் தடுத்திருக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகு எஞ்சின் சுற்றும். ஆனாலும் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்பு இருப்பதால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் ஓட்டக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் நீரில் நின்ற வண்டிகளைப் பொறுத்தவரை, சாவியைத் திருப்பாமல் இழுத்துச் சென்றவர்களுக்கு எஞ்சின் பிழைக்கும் வாய்ப்பு இருந்தது. திருப்பிப் பார்த்தவர்கள் அந்த வாய்ப்பையே பணயம் வைத்தார்கள்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் புகைக்கிறது, ஆயில் குடிக்கிறது, சூடேறுகிறது என்றால் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் கொண்டு நான்கு சிலிண்டர்களையும் அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் எஞ்சின்) பொதுவாக 20 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் காட்டும். சரியான அளவை அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான் அதிகம் சொல்லும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்தால் சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இதற்கு ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட் போட்டாலே போதும் என்ற நிலை பலமுறை இருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு எஞ்சினையே மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். மாறாக, ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, கிராங்க் பேரிங் உருகிச் சுழன்று பிளாக்கின் பேரிங் இருக்கையையே தின்றிருந்தாலோ, பழைய எஞ்சினைத் தேடுவதே நியாயமான முடிவு.

இறந்த எஞ்சினின் சம்ப்பை (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றி, ஆயில் உறிஞ்சும் வலையையும் பேரிங்குகளையும் பார்க்காமல் அதை விற்றுவிடாதீர்கள். வலை கரியால் அடைத்திருந்தால் ஆயில் மாற்றுவதில் காட்டிய அலட்சியமோ, இன்ஜெக்டரின் செம்பு வாஷர் கசிந்து எரிந்த வாயு உள்ளே இறங்கியதோ காரணமாக இருக்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஹெட்டையும் ஆயில் கூலரையும் இரண்டையுமே சோதிக்க வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் விசிறி உடைந்திருந்தால் அதன் துண்டுகள் எங்கே போயின என்று தேடியே ஆக வேண்டும். கண்டுபிடித்த காரணத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தெந்தப் பாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

எந்த எஞ்சின் பொருந்தும்?

ஸ்கார்பியோ என்ற ஒரே பெயரில் 2.6 லிட்டர் சிஆர்டிஇ, 2.5 லிட்டர் எம்2டிஐசிஆர், 2.2 லிட்டர் எம்ஹாக் என்று வெவ்வேறு டீசல் எஞ்சின்கள் வந்திருக்கின்றன. எம்ஹாக் என்ற பெயருக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. 2179 சிசி கொண்ட அதே எம்ஹாக், 2011இல் வந்த எக்ஸ்யூவி500இல் 140 குதிரைத்திறனுடன், முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்தது. ஸ்கார்பியோவில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. ஆகவே பிளாக் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சம்ப், மவுண்டிங், டர்போ குழாய்கள், வயரிங் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நம்பக் கூடாது. 2014இல் ஸ்கார்பியோவின் சேஸிஸும் கியர் பாக்ஸும் மாறின. 2017 இறுதியில் 140 குதிரைத்திறன் வடிவமும் ஆறு கியர் பாக்ஸும் வந்தன. 2022இல் வந்த ஸ்கார்பியோ கிளாசிக்கின் எஞ்சினோ அலுமினிய பிளாக் கொண்ட அடுத்த தலைமுறை. உங்கள் வண்டி எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்ததோ, அதே காலகட்டத்தின் அதே திறன் கொண்ட எஞ்சினையே தேடுங்கள்.

மாசு விதியும் பொருத்தத்தின் ஒரு பகுதி. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதியும் நடைமுறைக்கு வந்தன. பி.எஸ்.4 வண்டிக்கு பி.எஸ்.3 எஞ்சினை ஏற்றினால் இ.ஜி.ஆர். அமைப்பிலும் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புவது) சென்சார்களிலும் இசியூவோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒத்துப்போகாமல் தொல்லை வருவதோடு, பதிவு அதிகாரியின் ஒப்புதலும் கிடைக்காது.

எனது பரிந்துரை இதுதான்: ஹெட்டுடன் கூடிய முழு பிளாக்கை வாங்குங்கள், வயரிங், இசியூ, இம்மொபைலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கருவி), சாவி ஆகியவை உங்கள் வண்டியுடையதாகவே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றையும் நல்ல நிலையில் இருந்தால் உங்களுடையதையே மாட்டலாம். உங்கள் பழுதான எஞ்சினையும் வாங்கப்போகும் எஞ்சினையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்: சென்சார் சாக்கெட்டுகளின் வடிவம், மவுண்டிங் துளைகள், ஃப்ளைவீலின் போல்ட் துளைகளும் பல் எண்ணிக்கையும், சம்ப்பின் வடிவம், ஹை பிரஷர் பம்ப்பின் பாக எண். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் சம்ப் வேறாக இருக்கக்கூடும் என்பதைத் தனியாகக் கவனியுங்கள்.

வாங்கும் இடத்தில்

சென்னையில் பழைய எஞ்சின் என்றால் புதுப்பேட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். எந்த ஊரில் வாங்கினாலும், ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். எடுத்துச் சுத்தம் செய்து வெள்ளி வண்ணம் பூசிய எஞ்சினைவிட, வண்டியிலிருந்து எடுத்த அழுக்கோடு இருக்கும் எஞ்சினை நான் விரும்புவேன். ஆயில் எங்கே கசிந்தது, கூலன்ட் எங்கே வழிந்து காய்ந்தது என்பதை அழுக்கு காட்டிக்கொடுக்கும். வண்ணம் அதையெல்லாம் மறைத்துவிடும்.

கிராங்க் புல்லியைப் பிடித்து இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் தடைபடாமல், நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுபோலக் கையில் உணரப்பட வேண்டும். கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்து ஆட்டம் அதிகமில்லை என்று உறுதி செய்யுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே கரிய பிசின் படிந்திருக்கிறதா, வெளுத்த குழம்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் வரும் வழியில் துரு தெரிந்தால், அந்த எஞ்சின் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது என்று பொருள். கடைக்காரர் சம்மதித்தால் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங் மூடியைத் திறந்து பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. இன்ஜெக்டர் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் உண்டா என்று பார்ப்பதும் இப்போது அதிகச் செலவில்லாத காரியம். அலுமினியப் பாகங்களில் வெண்மையாக அரித்திருந்தாலோ, இடுக்குகளில் வண்டல் மண் படிந்திருந்தாலோ அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது என்று வாய்மொழியாகச் சொல்லப்படுவதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரின் படமோ சர்வீஸ் பதிவோ இருந்தால் மட்டும் நம்பலாம்.

பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணைத் தேய்த்து மீண்டும் அடித்த அடையாளம் சிறிதளவு இருந்தாலும் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அது திருடப்பட்ட வண்டியுடையதா என்று பார்க்கலாம். எஞ்சின் எண் குறிப்பிட்ட முறையான ரசீது, அது எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த வண்டியின் ஆர்.சி. நகல், அந்த வண்டி உடைக்கப்பட்டதற்கான அல்லது பதிவு ரத்தானதற்கான ஆவணம் ஆகியவற்றைப் பெறாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. உத்தரவாதம் உண்டு என்றால், எத்தனை நாள், எதற்கெல்லாம், எஞ்சினை மாற்றித் தருவாரா, பணத்தைத் திருப்புவாரா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அனுமதி

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு இதற்குப் பொருந்தும். பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றத்தைச் செய்து, செய்த 14 நாட்களுக்குள் அதைத் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வைக்க வேண்டும். வாகனத்தின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக அமையும்படி திருத்தக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே ஒரே தயாரிப்பு, ஒரே வகை, ஒரே எரிபொருள் கொண்ட எஞ்சினாக இருப்பது சட்டத்திற்கும் தேவை. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும்.

பழுதான எஞ்சினை இறக்குதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கூலன்டையும் ஆயிலையும் வடித்து, பானட்டின் கீல்களைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு பானட்டை எடுத்துவிட்டால் வேலை செய்ய இடம் கிடைக்கும். ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றுமுன் படம் எடுத்து, ஒட்டும் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஏ.சி. கம்ப்ரஸரின் குழாய்களைத் திறக்கவே வேண்டாம். கம்ப்ரஸரை அதன் குழாய்களோடு கழற்றி, பக்கத்தில் கயிற்றால் கட்டி வைத்தால் கேஸ் வீணாகாது. பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் அப்படியே கட்டலாம்.

டீசல் குழாய்களில் கவனம் தேவை. காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் செல்லும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்தால் கையையே இழக்க நேரிடும். எஞ்சின் ஓடும்போதோ, நிறுத்திய உடனேயோ அந்தக் குழாய்களைத் தளர்த்தக் கூடாது. கழற்றிய ஒவ்வொரு வாயையும் சுத்தமான மூடியால் அடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு ஓர் இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும்.

ரேடியேட்டர், விசிறி, இன்டர்கூலர், சைலன்ஸர் குழாயின் இணைப்பு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைக் கழற்றியபின், கியர் பாக்ஸை அடியில் ஜாக் கொடுத்துத் தாங்கி, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்களை எடுக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸும் இருப்பதால் கியர் பாக்ஸை அதன் இடத்திலேயே விட்டு எஞ்சினை மட்டும் முன்னால் இழுத்து மேலே தூக்குவது எளிது. இந்த எஞ்சினின் எடை 200 கிலோவைத் தாண்டும் என்று கொண்டு, செயின் பிளாக்கை எஃகு உத்தரத்தில் மட்டும் மாட்டுங்கள்; தகரக் கொட்டகையின் குழாயை நம்ப வேண்டாம். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் கையையோ காலையோ நீட்டக் கூடாது.

ஏற்றுவதற்கு முன்

எஞ்சின் தரையில் இருக்கும்போது சில மணி நேரத்தில் முடியும் வேலை, வண்டிக்குள் ஏறியபின் மீண்டும் எல்லாவற்றையும் இறக்கும் வேலையாகிவிடும். ஆகவே பின்பக்கக் கிராங்க் ஆயில் சீல், முன்பக்க சீல், ராக்கர் கவர் கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ரப்பர் குழாய்கள், பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். எம்ஹாக்கில் டைமிங் செயின் இருக்கிறது; செயின் தளர்ந்திருக்கிறதா, டென்ஷனரும் வழிகாட்டிகளும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஐயம் இருந்தால் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் இப்போதே மாற்றுவது நல்லது. சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்து, கேஸ்கெட் பசையை மெல்லிய கோடாக மட்டும் தடவி மாட்டுங்கள். மிகுதியாகத் தடவினால் உள்ளே பிதுங்கிய பசையே பின்னால் வலையை அடைக்கும். இன்ஜெக்டர்களின் இருக்கையைச் சுத்தம் செய்து புதிய செம்பு வாஷர் போடுவதும் கட்டாயம். இவற்றுக்கெல்லாம் எஞ்சின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி எஞ்சின் போன காரணத்தை எழுதிய அந்தத் தாளை எடுங்கள். சூடேறிப் போன எஞ்சின் என்றால் ரேடியேட்டரை மாற்றுங்கள், விசிறியின் இயக்கத்தைச் சோதியுங்கள். பேரிங் உருகிப் போனது என்றால் ஆயில் கூலரைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம். அதன் நுண்ணிய வழிகளிலிருந்து உலோகத் துகளை முழுவதும் நீக்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து துகள் உதிர்த்திருந்தால் டேங்க், குழாய்கள், ரெயில், இன்ஜெக்டர்கள் அனைத்தையும் கவனிக்க வேண்டும். டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலை முழுவதும் வடியுங்கள். அந்த ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகமெடுத்து எஞ்சின் தன்னையே அழித்துக்கொள்ளும்.

பொருத்துதல்

கிளட்ச் பிளேட்டை மையம் பார்க்கும் தண்டு கொண்டு நேராக வைத்துப் பிரஷர் பிளேட்டை முடுக்குங்கள். பெல் ஹவுசிங்கின் வழிகாட்டி ஊசிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தபின் எஞ்சினை இறக்குங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் போல்ட் இல்லாமலேயே ஒன்றோடொன்று முழுவதும் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், ஹவுசிங்கும் விரிசல் விடும். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு எல்லாவற்றையும் முடுக்குங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவது, சென்சார்கள் தவறாகக் காட்டுவது போன்ற புரியாத தொல்லைகளுக்கு அதுவே காரணமாகிறது.

ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். எந்த சிலிண்டரில் எந்தக் குறியீடு என்று எழுதிக்கொண்டு, ஸ்கேனர் மூலம் இசியூவில் பதிய வேண்டும். புதிதாக வந்த எஞ்சினின் இன்ஜெக்டர்களையே பயன்படுத்தினால் அவற்றின் குறியீடுகள்தான் ஏற வேண்டும். பழையவை அப்படியே இருந்தால் எஞ்சின் தட்டும், புகைக்கும், நல்ல எஞ்சினையே குறை சொல்ல நேரும்.

முதல் ஸ்டார்ட்

தயாரிப்பாளர் சொல்லும் தரத்தில் புதிய ஆயிலும் புதிய ஃபில்டரும், குழாய்த் தண்ணீர் கலக்காத கூலன்டும் ஊற்றுங்கள். டர்போவுக்கு ஆயில் வரும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் சிறிது ஆயில் ஊற்றி மாட்டுங்கள். டீசல் ஃபில்டரின் கைப்பம்ப்பால் காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜெக்டர் சாக்கெட்டுகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, பின்னர் சாக்கெட்டுகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால் காற்று வரும் வாயை அடைக்க ஒரு கனமான மரப்பலகையும் தயாராக இருக்கட்டும், கையால் மட்டும் அடைக்க முயல வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அப்படியே ஓடவிட்டு, ஆயில், டீசல், கூலன்ட் கசிவுகளைத் தேடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கூலன்டில் உள்ள காற்று வெளியேற விடுங்கள். சூடு ஏறி விசிறி வேலை செய்வதைப் பார்த்தபின் நிறுத்தி, முழுவதும் ஆறியதும் கூலன்டையும் ஆயிலையும் மீண்டும் அளந்து குறைந்ததை நிரப்புங்கள். இதன் பிறகு ஸ்கேனரில் பழைய பிழைகளை அழித்து, ரெயில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே அருகில் ஒரு சுற்று ஓட்டலாம்.

முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பாரமும் மலைப்பாதையும் வேண்டாம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டித் தாள் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் தெரிந்தால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடைக்காரரிடம் செல்ல அதுவே ஆதாரம். 14 நாள் கெடு எஞ்சின் மாறிய நாளிலேயே தொடங்குவதால், இந்த ஓட்டங்களுக்கு நடுவிலேயே வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியிலும் எண்ணை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய எண்ணோடு கிடக்கும் பாலிசியை வைத்து விபத்து இழப்பீடு கோரும்போது நிறுவனம் எதிர்ப்புத் தெரிவிக்க அதுவே வழி கொடுக்கும்.